கண்ணாடியக்கா கடலில் இறங்கிய நாள்

கண்ணாடியக்காவைப் பொறுத்தவரை கடல் என்பது தினமும் தவறாமல் வீடு வந்து சேரும் ஓர் அழுக்கு. உப்பாகவும் மணலாகவும் பாசி நாற்றமாகவும் வரும். அவள் அதைக் கழுவி உலர்த்தி மறுநாள் திருப்பி அனுப்பிவிடுவாள். படகுத்துறையை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றுதான் அவளுடைய ராஜ்ஜியம். முகத்தைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மீன் பார்ப்பதற்கான மாஸ்க்குகள், ஊர் வாயில் கண்ணாடிகள், அங்கே ஒரு கயிற்றில் தொங்கும். வாயில் கடித்தபடி மூச்சுவிடும் குழாய்கள் மருந்துத் தண்ணீர் வாளியில் ஊறும். லைஃப் ஜாக்கெட்டுகளை எவ்வளவு வெயிலில் போட்டாலும் நேற்று போட்டவனின் வியர்வையை அவை விட்டுக்கொடுக்காது. புது மாஸ்க் வந்தால் கண்ணாடியின் உள்பக்கத்தைப் பற்பசை வைத்துத் தேய்க்க வேண்டும்; தேய்க்காவிட்டால் தண்ணீருக்குள் பனி மூடிவிடும். வார் தளர்ந்தவற்றை இரண்டு கையாலும் பிடித்து, தலைக்குப் பின்னால் இழுத்து, கொக்கியில் மாட்டிச் சரி பார்ப்பாள். எல்லா மாஸ்க்கையும் இப்படித் தன் தலையில் மாட்டிப் பார்த்தவள் அவள். ஆனால் அதோடு தண்ணீரில் ஒரு நாளும் இறங்கியதில்லை.

முதுகில் மூட்டையோடு ஊர் ஊராகத் திரிகிறவர்கள்தான் அவளுடைய வாடிக்கைக்காரர்கள். தீவுகளைச் சுற்றிவரப் பாய்மரப் படகில் ஏறும் முன் அந்தப் பெரிய பைகளை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஈரத் துணியை உள்ளே திணித்து வைத்திருப்பவன் அம்மா செல்லம். வெளியே பாத்திரம் தொங்கவிட்டிருப்பவன் கஞ்சன். சின்னப் பையோடு வருகிறவர்களிடம்தான் அவளுக்கு மரியாதை.

படகு அவள் புருஷனுடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் சுறா. சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் பயன்பட்டது. அந்தப் பட்டம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. வாலிபத்தில் அவர் கூலிக்கு ஏறிய மீன்பிடிப் படகு ஒன்று தீவுகளுக்கு அப்பால் கவிழ்ந்தது. போனவர்களில் யாரும் திரும்பவில்லை. மறுநாள் ஒரு தீவின் மணலில் இவர் மட்டும் குப்புறக் கிடந்தார், உயிரோடு. அத்தனை தூரத்தையும் ராத்திரி முழுக்க நீந்தியே கடந்துவிட்டான் என்று ஊர் சொன்னது. கடலையே பார்த்திராத ஊரிலிருந்து பெண் கொடுக்க வந்த அவள் அப்பாவின் காதிலும் அது விழுந்தது. "கடலே முழுங்க முடியாத ஆளு. உன்னை எப்படியும் கரை சேர்த்திடுவான்" என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக் கொடுத்தார். கல்யாணத்தில் போட்ட நகை ஒவ்வொன்றாகப் போய்விட்டது. அந்தக் கதை மட்டும் போகவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு பயணிக்கும் அவள் அதைச் சொல்லுவாள். சொல்லும்போது தூரம் கொஞ்சம் கூடும்.

ஒரே மகள். நடக்கத் தொடங்கியபோதே தண்ணீருக்குள் போனவள். படகில் சமையலும் அவள்தான், பயணிகளோடு கடலில் இறங்கிப் பவளப்பாறையைச் சுற்றிக் காட்டுவதும் அவள்தான். அப்பா சுக்கானைப் பிடிப்பார், பாயை ஏற்றுவார், இறக்குவார். தண்ணீருக்கு மேலே அவர், கீழே மகள் என்று தொழில் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியக்காவுக்கு ஒரே ஒரு குறை. வெளிநாடுகளுக்குப் போகும் பெரிய டைவிங் கப்பல் ஒன்றிலிருந்து மகளை வேலைக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் வேலை, தங்க இடம், நல்ல சம்பளம். மகள் மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். அப்போதும் மாட்டேன். காரணம் கேட்டால், "அப்பா தனியா இருப்பாரு" என்பாள்.

"அவரு என்ன கைக்குழந்தையா? ஊரே சுறான்னு சொல்லுது. நீதான் பால் குடிச்சுக்கிட்டிருக்க" என்று அம்மா கத்துவாள். சோம்பேறி என்பாள். பயந்தாங்கொள்ளி என்பாள். வாடகைக்கு விட்ட மாஸ்க் மாதிரி எங்கே போனாலும் சாயங்காலம் இங்கேயே வந்து தொங்குகிறாய் என்று ஒருநாள் சொன்னாள். மகள் குனிந்து வாளியில் குழாய்களை அலசிக்கொண்டிருப்பாள். இந்த வருஷமும் கப்பலிலிருந்து கேட்டிருந்தார்கள். சீசன் முடிவதற்குள் பதில் வேண்டுமாம்.

அந்த நேரம் பார்த்து மகளுக்குக் காதில் சீழ் பிடித்துக்கொண்டது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, குணமாகும்வரை கடல் பக்கமே போகக் கூடாது என்றார். இரண்டு நாள் தீவுப் பயணத்துக்கு ஆட்கள் பேசி முடித்தாகிவிட்டது. மறுநாள் காலை மூட்டையும் முடிச்சுமாக வந்துவிடுவார்கள். சுறா பக்கத்துப் படகுக்காரரிடம் ஓடினார். தண்ணீரில் இறங்கத் தெரிந்த ஆள் யாராவது கிடைப்பானா என்று துறை முழுக்கக் கேட்டுப் பார்த்தார். சீசன் நேரம், எல்லோரும் ஏதாவது ஒரு படகில் போயிருந்தார்கள். வீட்டுக்கு வந்து, பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்றார்.

கண்ணாடியக்காவுக்கு அப்போதுதான் பளிச்சென்று அது தோன்றியது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. மகள் இல்லாமல் ஒரு பயணம் நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டால் போதும். அப்பா தனியாக இருப்பார் என்ற நொண்டிச் சாக்கு அதோடு உடைந்துவிடும்.

"எதுக்கு ரத்து பண்ணணும்? நான் வந்து சமைக்கிறேன். நீங்க எறங்கி மீனக் காட்டுங்க" என்றாள்.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டைப் பையைத் தடவினார், எதையோ தேடுவது போல. தனக்கு முதுகு வலி என்றார். பாயையும் சுக்கானையும் விட்டுவிட்டு இறங்க முடியாது என்றார். வயதாகிவிட்டது என்று ஆரம்பித்தபோது அவள் சிரித்துவிட்டாள். வேலைக்கு வளையாத ஆம்பிளைகள் சொல்லும் பேச்சு அவளுக்குப் புதிதில்லை.

விசித்திரம் மகளிடம்தான். காதில் பஞ்சோடு விடியும் முன்பே எழுந்து, தன் பையைப் படகில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். தண்ணீரில் இறங்க மாட்டாளாம், சும்மா உட்கார்ந்திருப்பாளாம். அம்மா அந்தப் பையை எடுத்துக் கரையில் வைத்தாள். மகள் திரும்பவும் தூக்கி உள்ளே வைத்தாள். பயணிகள் பார்க்கப் பார்க்கத் தாயும் மகளும் ஒரு பையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அம்மா ஜெயித்தாள்.

"சரி, ஆழமில்லாத வளைகுடாவுல மட்டும் நிறுத்துங்க. பாறை விளிம்புக்கு வேணாம். கேட்டியாம்மா? விளிம்புக்கு வேணாம்" என்றாள் மகள். குரல் ஒரு மாதிரி இருந்தது. தான் இல்லாமல் உலகம் சுற்றாது என்ற நினைப்பு, என்று கண்ணாடியக்கா உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

படகில் நான்கு பயணிகள். ஓர் இளம் ஜோடி. அவர்களுக்குக் கடலும் ஒன்று, கட்டாந்தரையும் ஒன்று. விடுமுறையில் தனியாகச் சுற்ற வந்த நர்ஸ் ஒருத்தி. எதற்கும் இரண்டு கேள்வி கேட்கும் நெட்டையன் ஒருவன். முதல் நாள் எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. புருஷன் பாயை ஏற்றுவதை அவள் அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தாள். கயிற்றை அவர் பிடித்தாரா கயிறு அவர் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. காற்று திரும்பும் முன்பே அவர் தலை திரும்பியது. வீட்டில் பால்காரனுக்குக் கதவு திறக்கவே பத்து தடவை கூப்பிட வேண்டிய மனுஷன். இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. வளைகுடாவில் இடுப்பளவு தண்ணீரில் பயணிகள் மீன் பார்த்தார்கள். அவர் முழங்கால் நனைய நின்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். தீவு மணலில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை நெட்டையன் ஆரம்பித்தான். ஆமை பார்க்கலாம் என்று சொல்லித்தானே கூட்டி வந்தீர்கள், ஆமை வளைகுடாவிலா இருக்கும், விளிம்புக்குப் போக வேண்டாமா என்று. ஜோடியும் சேர்ந்துகொண்டது. சுறா நீரோட்டம் சரியில்லை என்றார். நெட்டையன் கடலைப் பார்த்தான். அது கண்ணாடித் தட்டு மாதிரி கிடந்தது.

கண்ணாடியக்காவால் பொறுக்க முடியவில்லை. புருஷனை ஒருவன் நம்பாமல் பார்க்கிறான். அந்தக் கதையை எடுத்துவிட்டாள். கவிழ்ந்த படகு, ராத்திரி, இருட்டு, நீச்சல். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மைல்களைச் சேர்த்தாள். நர்ஸ் வாயைப் பிளந்தாள். ஜோடி கைதட்டியது. சுறா பாயின் அடியில் முடிச்சைப் போட்டு அவிழ்த்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் விடு" என்றார். அவ்வளவுதான். பிறகு நங்கூரத்தைத் தூக்கினார். விளிம்புக்கே போனார்கள்.

அங்கே தண்ணீரின் நிறம் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மைநீலம். படகின் பின்னால் நீளமான கயிறு ஒன்றை மிதவையோடு கட்டிவிட்டு, யாரும் அதை விடக் கூடாது, ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்று அவர் ஒன்றுக்கு மூன்று முறை சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"நீங்க?" என்றாள் அவள்.

"மேல ஒருத்தர் நிக்கணும்."

"நான் நிக்கிறேனே."

"காத்து மாறினா உனக்கு என்ன பண்ணத் தெரியும்?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கீழேயிருந்து நர்ஸ், வாங்கக்கா, இவ்வளவு நாளாகக் கழுவினீர்களே, ஒரு தடவை அதுக்குள்ளே பார்க்க வேண்டாமா என்று கூப்பிட்டாள். பாதி ஆசை, பாதி வீம்பு. சேலைக்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மாஸ்க்கையும் குழாயையும் எடுத்து, வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஏணியில் இறங்கிவிட்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தண்ணீர் அவள் கழுத்துக்கு வந்துவிட்டது.

ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கவிழ்த்தாள்.

தண்ணீருக்குள் இன்னொரு தரை இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருப்பார்கள், அவள் காதில் வாங்கியிருக்க மாட்டாள். முட்டைக்கோஸ் மாதிரி விரிந்த பாறைகள். அவற்றுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக மீன்கள், யாரையும் சட்டை செய்யாமல், சந்தைக்குப் போகிறவர்கள் மாதிரி. பாறை தீர்ந்த இடத்தில் தரையே இல்லை. வெறும் நீலம், கீழே, கீழே. அதிலிருந்து ஒரு ஆமை, படிக்கட்டில் ஏறி வரும் பெரிய மனுஷி போல நிதானமாக மேலே வந்தது. மேலே நிற்பவரைக் கூப்பிட வேண்டும் போல இருந்தது. வாயில் குழாய் இருந்ததால் கத்த முடியவில்லை.

அப்போது மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்தது. வார் தளர்ந்திருக்கிறது.

ஆயிரம் முறை செய்த காரியம். வேறு யாராக இருந்தாலும் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைத் துடைத்திருப்பார்கள். அவள் கைகள் யோசிக்கவில்லை. கொட்டகையில் செய்வது போலவே இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வாரை இழுத்து, கொக்கியில் மாட்டி, ஒருமுறை ஆட்டிப் பார்த்துச் சரி என்று திருப்திப்பட்டாள். பிறகு கயிற்றைத் தேடினாள். கயிறு இல்லை.

தலையைத் தூக்கினால் படகு அங்கே இருந்தது. இன்னொரு முறை பார்த்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி. தட்டு மாதிரி கிடந்த கடல் அவளை அலுங்காமல் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் பயப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பின்னால் நினைத்து நினைத்து ஆறாமல் போனது. அவள் கையைத் தூக்கி ஆட்டினாள், கொஞ்சம் சிரிப்போடுகூட. மேலே நிற்பது யார்? இப்போது குதிப்பார். நாலு கை போட்டால் வந்துவிடுவார். திரும்பிப் போனதும் நெட்டையன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அவர் மிதவை வளையத்தைத் தூக்கி எறிந்தார். அது பாதியில் விழுந்தது. இழுத்து மறுபடியும் எறிந்தார். மறுபடியும் பாதி. நர்ஸின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பிறகு இரண்டு கையாலும் படகின் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குதிக்கவில்லை. கழுவித் துடைத்த கண்ணாடி வழியாக அவர் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அது பெஞ்சாதி அடித்துக்கொண்டு போகிறாளே என்று பதறும் முகம் மட்டும் இல்லை. தண்ணீரைப் பார்க்கும் முகம். மாடியிலிருந்து பயந்தபடி கீழே எட்டிப் பார்க்கும் குழந்தையின் முகம்.

நர்ஸ்தான் வளையத்தோடு நீந்தி வந்து அவளைப் பிடித்தாள். அவர் கயிற்றை இழுத்தார். ஏணியருகே அவள் கையைப் பற்றித் தூக்கினார். துண்டைப் போர்த்திவிட்டார். மற்றவர்கள் படகின் முன்பக்கம் நர்ஸைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் குதிக்கல?" என்றாள்.

அவர் கயிற்றைச் சுருட்டினார். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின் மேல் சரியாக வைத்துச் சுருட்டி முடித்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது."

காதில் தண்ணீர் போயிருக்கிறது என்று நினைத்தாள். தலையைச் சாய்த்துத் தட்டிக்கொண்டாள். அவர் இன்னொரு முறை சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அவள் துண்டை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழி முழுக்க அவர் சொன்னதெல்லாம் சில வாக்கியங்கள். கவிழ்ந்த படகின் அடிப்பலகையில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டாராம். நீரோட்டம்தான் கொண்டுபோய்த் தீவில் போட்டதாம். கூட வந்தவர்களுக்கு நீச்சல் தெரியும். கரைக்கு நீந்திவிடலாம் என்று கிளம்பியவர்கள் போய்விட்டார்கள். தெரியாதவன் பிழைத்தான். நீந்தி வந்தேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஊர் சொன்னது, உன் அப்பா நம்பினார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என்றார்.

அவள் கேட்க அவசியமில்லாமல் எல்லாம் தானாகவே நினைவில் வந்து வந்து விழுந்தன. சட்டைக்கு மேல் எப்போதும் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பார்; பயணிகளுக்கு முன்மாதிரி என்பார். கடற்கரையில் மகளும் அவள் தோழிகளும் கும்மாளம் போடும்போது இவர் துணிகளுக்குக் காவல் இருப்பார். உப்புத் தண்ணீர் உடம்புக்கு ஆகாது என்று குழாயடியில்தான் குளிப்பார். இவ்வளவும் கண் முன்னால். இருபத்தைந்து வருஷமாகத் தன் கையால் துவைத்துப் போட்ட சட்டைகள். எந்தச் சட்டையாவது தோள்பட்டை வரை உப்பு ஏறி வந்திருக்கிறதா? உப்பைப் பார்த்துப் பிழைப்பவள் அவள். அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியக்கா என்று பேர் வேறு.

துறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ, முகம் வெயிலில் கறுத்திருந்தது. அம்மாவின் ஈரத் தலையை அவள் பார்க்கவே இல்லை. அவள் கண் நேராக அப்பாவின் சட்டைக்குத்தான் போனது.

"அப்பா எறங்கலையே?" என்றாள்.

கண்ணாடியக்கா ஏணியில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டாள். கடலில் கயிறு இல்லை என்று தெரிந்த கணத்தில்கூட அவளுக்கு இப்படி இருக்கவில்லை.

பயணிகள் பைகளை எடுத்துக்கொண்டு போனபின் கொட்டகைக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். மகள் சொன்னாள். பதினோரு வயசில் ஒருநாள் துறைப் படியில் வாளி தவறித் தண்ணீரில் விழுந்தது. அப்பா எட்டிப் பிடிக்கப் போய்ச் சறுக்கினார். கழுத்தளவு தண்ணீர்கூட இல்லை. நின்றாலே போதும். ஆனால் அவருக்கு நிற்கத் தோன்றவில்லை. கை கால்களை அடித்துக்கொண்டார். அவள்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. அவளாகத்தான் அடுத்த நாளிலிருந்து படகில் ஏறினாள். பள்ளிக்கூட லீவு நாளெல்லாம். பிறகு லீவு இல்லாத நாளெல்லாம்.

"பள்ளிக்கூடம் விட்டப்புறம் ஒரு பயணம் விட்டதில்லம்மா" என்றாள். "நேத்துதான் மொத தடவ."

அந்தப் பையை இழுத்துக் கரையில் வைத்தது யார் கை? சோம்பேறி என்றது யார் வாய்? கண்ணாடியக்கா யாரோ விட்டுப்போன ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தாள். தன் வீட்டுக்குள், தன் அடுப்பைத் தாண்டித் தினமும் இரண்டு பேர் இப்படி ஒரு பாறாங்கல்லைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்கள். அவள் குறுக்கே நின்று சோறு போட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், பெருமை பேசியிருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ அந்தக் கதையச் சொல்றப்ப உன் மூஞ்சியப் பார்த்திருக்கியா?"

கண்ணாடியக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். ஊருக்குத் தெரிய வேண்டும் என்றாள். தண்ணீரில் இறங்க வேறு ஆளைப் போட வேண்டும், வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், இவளைக் கப்பலுக்கு அனுப்ப வேண்டும். அவர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்:

"நீச்சல் தெரியாதவன் படகுன்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்?"

"இப்பத் தெரியாம ஏறுறானே, அது மட்டும் பரவாயில்லையா? நானும் தெரியாமத்தானே ஏறினேன்?"

அவள் படகைச் சொன்னாளா கல்யாணத்தைச் சொன்னாளா என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான். அவர் எழுந்து போய் வெளியே நின்றார். வெகுநேரம் கழித்து உள்ளே வந்து, "நானே சொல்றேன். நீ சொல்லாத" என்றார்.

அடுத்த பயணத்துக்குப் பக்கத்துப் படகுக்காரரின் மச்சினன் கிடைத்தான். நல்ல நீச்சல்காரன். காலையில் துறையில் வழக்கமான கூட்டம். மூட்டைகள் கொட்டகைக்குள் ஏறின. ஜாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும்போது சுறா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோரும் கேளுங்கள் என்றார். கடலில் யாருக்காவது ஏதாவது என்றால் இந்தத் தம்பியைக் கூப்பிட வேண்டும். தனக்கு நீச்சல் தெரியாது என்றார்.

சிரித்தார்கள். பயணிகள் சிரித்தார்கள் என்றால் பரவாயில்லை, துறையே சிரித்தது. "சுறாவுக்கு நீச்சல் தெரியாதாம்டா, கொக்குக்கு மீன் புடிக்காதாம்" என்று ஒருவன் சொல்ல, பக்கத்துப் படகுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் காத்திருந்தார். சிரிப்பு ஓய்ந்ததும் அதையே திரும்பச் சொன்னார், அதே வார்த்தைகளில், ஒரு பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பது போல. மறுபடியும் சிரிக்க வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள். பக்கத்துப் படகுக்காரர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அண்ணே, நெசமாவா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு ராத்திரி?"

"கட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

துறைத் தூணில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. பயணிகளில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கொட்டகைக்கு வந்து தங்கள் பைகளைத் திருப்பிக் கேட்டார்கள். கண்ணாடியக்கா எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் ஏறினார்கள், ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டு ஏறினார்கள்.

மகள் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தாள். அப்பா அவளைப் பார்த்து, "போயிட்டு வர்றேன்" என்றார். அவள் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவளிடம் அவர் அதைச் சொல்ல வாய்த்ததே இல்லை. அவள் தலையை ஆட்டினாள்.

பாய் ஏறியது. படகு துறை முனையைத் தாண்டிப் போனது. மகள் கொட்டகைக்கு வந்து, கப்பல்காரர்களுக்குப் போன் போட்டுப் பேசினாள். வருகிறேன் என்று சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது. எந்தத் துறைமுகம், என்ன துணி கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

கண்ணாடியக்கா இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை அது. அவள் வாளியின் முன் குந்தி ஒரு மாஸ்க்கைக் கையில் எடுத்தாள். வைத்தாள். வேறொன்றை எடுத்தாள். போன படகில் இப்போது அவளுடைய ஆள் என்று அவர் மட்டும்தான். கூட யாரும் இல்லை. யாரோ பெற்ற பிள்ளை ஒருவன் பக்கத்தில் இருக்கிறான், நல்லவன்தான். அவள் கண் திரும்பத் திரும்பத் துறை முனைக்கே போனது. இது என்ன என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது மகளின் முதுகை நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா இவள் பள்ளிக்கூடம் போனாள், பரீட்சை எழுதினாள், சாயங்காலம் வந்து குழாய் அலசினாள்?

எழுந்து வெளியே வந்தாள். கொட்டகையைக் கட்டிய நாளிலிருந்து வானத்தை அவள் துணி காயுமா காயாதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறாள். இன்று எதைப் பார்க்க வேண்டும் என்றே தெரியவில்லை. ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஏய், காத்து இப்ப எந்தப் பக்கமிருந்து அடிக்குது?" என்றாள்.

மகள் வாசலில் வந்து நின்றாள். கடலைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"தெக்கேருந்தும்மா. நல்ல காத்துதான்" என்றாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும். நீ உள்ள வா."

"நீ போ. நான் வர்றேன்" என்றாள் அவள். வரவில்லை.